பொறுமை யாருடைய கடமை? வட திருநெல்வேலி ஊழியமும் சிவகாசி வட்டாரமும்



இச்சொற்பொழிவுக்கெனக் குறிக்கப்பட்ட பொருள், பிறரிடம் பொறுமை காட்டுதல் என்னும் கிறித்தவ நற்பண்பு ஆகும். கோயில் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கப்படும் பொருள் இது. கேட்டுப் பழகியதாலேயே, யார் யாரிடம் பொறுமையாக இருக்க வேண்டும் என்ற அடிப்படைக் கேள்வி இதில் எழுப்பப்படாமல் போய்விடுகிறது. அந்தக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு, மறைநூலிலும் ஆதித் திருச்சபையின் எழுத்துகளிலும் பொறுமை என்பது முதன்மையாக அதிகாரம் உடையவர்மீது வைக்கப்பட்ட கடமை என்றும், அது எளியவரிடமிருந்து வசூலிக்கப்படும் பணிவாக மாறும்போது பெயர் மட்டுமே எஞ்சுகிறது என்றும் நிறுவுவது இவ்வுரையின் நோக்கம். விருதுநகர், சாத்தூர், சிவகாசி ஆகிய ஊர்களை உள்ளடக்கிய கரிசல் வட்டாரத்தின் வரலாற்றை வைத்தே இக்கருத்து இங்கே சோதிக்கப்படுகிறது. அவையில் பேசப்பட்டபோது எண்ணிட்டுச் சொல்லப்பட்ட கருத்துகள் அவ்வரிசையிலேயே அச்சிடப்பட்டுள்ளன. இடையில் சொல்லப்பட்ட சில செய்திகள் சுருக்கப்பட்டுள்ளன.

1

பொறுமை என்று பொதுவாக வழங்கப்படுவதில் இரண்டு வேறு நிலைகள் கலந்து கிடக்கின்றன. வறட்சி, நோய், இழப்பு போன்ற சூழ்நிலைகளின்முன் மனம் தளராமல் நிற்பது ஒன்று. அதைத் தாங்குதல் எனலாம். தவறு செய்த மனிதரிடமோ, தாமதிக்கிற, மாற மறுக்கிற மனிதரிடமோ சினத்தை ஒத்திவைத்து அவருக்குக் காலம் கொடுப்பது மற்றொன்று. தமிழ் வேதாகமம் நீடிய பொறுமை என்று வழங்கும் இந்த இரண்டாவது பண்பே பவுல் அப்போஸ்தலர் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் ஆவியின் கனிகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் அன்பின் இயல்புகளைச் சொல்லத் தொடங்கும்போது முதலில் வைக்கப்படுவதும் இதுவே.

இப்பண்பு மறைநூலில் மனிதருக்கு உரியதாகச் சொல்லப்படுவதற்கு முன்பே கடவுளுக்கு உரியதாகச் சொல்லப்பட்டுவிட்டது என்பது கவனத்திற்குரியது. சீனாய் மலையில் மோசேக்குக் கடவுள் தம்மை அறிவிக்கும் யாத்திராகமப் பகுதியில், அவர் சினங்கொள்ளத் தாமதிப்பவர் என்பது அவருடைய முதன்மையான அடையாளங்களுள் ஒன்றாக வருகிறது. தண்டிக்க முழு உரிமையும் வல்லமையும் உடையவர் தண்டிக்காமல் காத்திருக்கிறார் என்பதே அங்கே செய்தி. லூக்கா நற்செய்தியில் காய்க்காத அத்திமரத்தின் உவமையும் இவ்வாறே அமைந்துள்ளது: வெட்டிவிட உரிமையுள்ள நிலக்காரரிடம்தான் இன்னும் ஓராண்டு பொறுக்கும்படி தோட்டக்காரர் மன்றாடுகிறார்; மரத்திடம் யாரும் பொறுமையை எதிர்பார்க்கவில்லை.

திருச்சபையின் தொடக்க நூற்றாண்டுகளில் இப்பண்பைப் பற்றித் தனி நூல்களே எழுதப்பட்டன. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரைச் சேர்ந்த தெர்த்துல்லியன் கி.பி. 200ஐ ஒட்டி எழுதிய நூல், பொறுமையைப் பற்றிப் பேசத் தமக்குத் தகுதியில்லை என்ற ஒப்புதலோடு தொடங்குகிறது. எதிராளிகளைச் சாடி அவர் எழுதிய மற்ற நூல்களைப் படித்தவர் எவரும் அந்த ஒப்புதலை மறுக்கமாட்டார். அதே நகரின் ஆயரான சிப்பிரியான், திருமுழுக்கைப் பற்றி உரோமை ஆயரோடு கடுமையான கருத்து வேற்றுமை நிலவிய 256ஆம் ஆண்டில், பொறுமையின் நன்மை குறித்துத் தம் நூலை எழுதினார். ஆயர் என்ற முறையில் பிறரை ஒதுக்கிவைக்கும் அதிகாரம் கையில் இருந்தபோது அவர் அதை எழுதினார் என்பது இங்கே பொருட்படுத்தத் தக்கது.

தமிழ் மரபுக்கும் இது புதிதன்று. திருக்குறளின் வெகுளாமை அதிகாரம், சினம் பலிக்கும் இடத்தில் அதை அடக்குபவரையே சினம் காத்தவராகக் கொண்டு, பலிக்காத இடத்தில் அடக்கினாலும் அடக்காவிட்டாலும் ஒன்றே என்று ஒதுக்கிவிடுகிறது. மேலாளர் முன் வாய் மூடி நிற்கும் கூலியாளின் அமைதியைப் பொறுமை என்று புகழ்பவர் வள்ளுவரையும் சரியாகப் படிக்கவில்லை, நற்செய்தியையும் சரியாகப் படிக்கவில்லை.

2

இக்கருத்து நடைமுறையில் எவ்வாறு இருக்கும் என்பதற்கு இந்த வட்டாரத்திலேயே ஒரு சான்று உண்டு. இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், திருவில்லிபுத்தூர்ப் பகுதிகள், 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவாக்கப்படும்வரை திருநெல்வேலி மாவட்டத்தின் வட பகுதியாக இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் திருநெல்வேலியின் தென் பகுதியில் புரொட்டஸ்டன்டு சபைகள் ஊருக்கு ஊர் பெருகியிருந்தன. வடக்கில் அவை மிக அரிதாகவே இருந்தன. இந்த வடக்குப் பகுதிக்கு வந்தவர் தாமஸ் கஜெத்தன் ராக்லண்டு (1815–1858).

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் ஆய்வுறுப்பினராக இருந்த ராக்லண்டு, 1840களின் நடுவில் சென்னைக்கு வந்து, சி.எம்.எஸ். எனப்படும் சர்ச் மிஷன் சங்கத்தின் செயலாளராகப் பணியாற்றினார். அது அதிகாரமுள்ள பதவி; ஆட்களையும் பணத்தையும் எங்கே அனுப்புவது என்பதைத் தீர்மானிப்பதில் அதற்குப் பெரும்பங்கு இருந்தது. அதை விட்டுவிட்டு, 1854இல் டேவிட் ஃபென், இராபர்ட் மெடோஸ் என்னும் இரு இளைஞரோடு வட திருநெல்வேலியில் ஊர்சுற்றி ஊழியம் ஒன்றை அவர் தொடங்கினார். நிலையான பங்களாவும் பள்ளியும் கட்டிக்கொண்டு மக்களை அங்கே வரவழைப்பது அக்காலத்து வழக்கம். அதற்கு மாறாக, கூடாரம் அடித்துத் தங்கி, சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் நடந்து சென்று பேசிவிட்டு, கூடாரத்தைப் பெயர்த்து அடுத்த இடத்துக்குப் போவதும், சில மாதங்கள் கழித்து அதே ஊர்களுக்குத் திரும்பி வருவதுமே ஊர்சுற்றி ஊழியம் ஆகும். தமிழரான டபிள்யூ. டி. சத்தியநாதன் (1830–1892) இக்குழுவில் உடன் உழைத்தார். பிற்காலத்தில் இவர் சென்னைச் சிந்தாதிரிப்பேட்டையில் பெயர்பெற்ற குருவாக விளங்கினார். தெற்கிலிருந்த சபைகள் தங்கள் செலவிலேயே உபதேசியார்களை முறைவைத்து வடக்கே அனுப்பின.

இம்முறையில் பொறுமை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வெயிலையும் காய்ச்சலையும் கூடார வாழ்வையும் தாங்கியதை ராக்லண்டின் வாழ்க்கையை எழுதியோர் விரிவாகப் போற்றியிருக்கின்றனர். அது மேலே சொல்லப்பட்ட முதல் வகை, அதாவது தாங்குதல். வந்தவர் பேச, ஊரார் கேட்க, கேட்ட பிறகு எவ்வித உடன்பாடும் கோரப்படாமல் கூடாரம் பெயர்க்கப்படுவதே இரண்டாவது வகை. அக்காலச் சூழலில் வெள்ளையரான ஒரு மிஷனரிக்குக் கையில் பல நெம்புகோல்கள் இருந்தன: கலெக்டரிடம் பேசும் வாய்ப்பு, வழக்குகளில் உதவி, பள்ளிக்கூடம், பஞ்ச காலத்துத் தானியம். இவற்றைக் காட்டி ஒரு தெருவையே விரைவில் சபையாக்கிவிட முடியும் என்பதற்குத் தெற்கிலும் பிற இடங்களிலும் எடுத்துக்காட்டுகள் இருந்தன. கூடார ஊழியத்தின் அமைப்பு அந்த நெம்புகோல்களுக்கு மிகக் குறைந்த இடமே கொடுத்தது. நாளை மறுநாள் புறப்பட்டுவிடுபவரிடம் எவரும் வழக்கைக் கொண்டுவருவதில்லை. அதன் விளைவு, ராக்லண்டின் வாழ்நாளில் திருமுழுக்குப் பெற்றோர் மிகச் சிலராகவே இருந்தனர் என்பதாகும். 1858 அக்டோபர் 22இல், 43 வயதில், அவர் சிவகாசியில் இறந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். சிவகாசியை ஒட்டிய சாட்சியாபுரம் பின்னர் சபையின் முக்கிய மையமாக வளர்ந்தது. டோனாவூரில் பணியாற்றிய ஏமி கார்மைக்கேல் 1922இல் அவரைப் பற்றித் தனி நூல் எழுதினார்.

ராக்லண்டைத் தோல்வியுற்றவர் என்று அவர் காலத்தவர் சிலர் எண்ணியிருக்கக்கூடும். பிற்காலத்தில் சபை வளர்ந்ததைக் காட்டி அவரை வென்றவர் என்று நிறுவும் வழக்கமும் உண்டு. இரண்டுமே பொறுமையை அதன் பலனால் அளக்கின்றன. பலன் வராமலே போயிருந்தாலும், விரைவுபடுத்தும் வாய்ப்பிருந்தும் மற்றவரின் மனத்துக்கு உரிய காலத்தை அவருக்கே விட்டுவைத்தது பொறுமையாகவே இருந்திருக்கும் என்பது இவ்வுரையின் கருத்து. ஐரோப்பியச் சமயத் தொண்டு முழுவதையும் இந்த ஒருவரைக்கொண்டு நியாயப்படுத்துவது இங்கே நோக்கமன்று. அடுத்துச் சொல்லப்படுவது அதற்கு நேர்மாறான செய்தி.

3

ராக்லண்டு இறந்து நாற்பது ஆண்டுகள் கழிவதற்குள் இதே வட்டாரத்தில் பொறுமையின்மை பேருருவம் எடுத்தது. கழுகுமலையில் தேரோடும் வீதிகளில் ஊர்வலம் செல்லும் உரிமை மறுக்கப்பட்ட நாடார் சமூகத்தினருள் ஒரு பகுதியினர் கத்தோலிக்கராயினர்; தேரோடும் வீதியிலேயே அவர்களுக்கு ஒரு சிற்றாலயம் எழுந்தது; 1895இல் பங்குனித் திருவிழாத் தேரோட்டத்தின்போது கலவரம் மூண்டு உயிர்கள் பலியாயின. நான்கு ஆண்டுகள் கழித்து, 1899 ஜூன் 6இல், நாடார்களின் கோயில் நுழைவுரிமை குறித்து முற்றிய பகையின் உச்சமாகச் சிவகாசி தாக்கப்பட்டு, கொலையும் தீவைப்பும் நிகழ்ந்தன.

உரிமை கோரியவர்களிடம் ஏன் பொறுமை இல்லை என்று கேட்பது எளிது. தலைமுறை தலைமுறையாகப் பொறுத்திருந்தவர்களிடம் அக்கேள்வியைக் கேட்பதில் நியாயமில்லை. வீதியும் கோயிலும் யார் ஆளுகையில் இருந்தனவோ அவர்களிடமும், ஆள்சேர்க்கைக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்ததென்று விரைந்த சமயத் தலைமையிடமுமே அது கேட்கப்பட வேண்டும். இரண்டு தரப்பும் இதில் தேறவில்லை. கழுகுமலையில் திருச்சபை செய்ததும், கூடாரத்தைப் பெயர்த்துச் சென்ற ராக்லண்டு செய்ததும் ஒரே சமயத்தின் பெயரால் செய்யப்பட்டவை என்பதைக் கிறித்தவ வரலாற்றாசிரியர்கள் மறைக்க வேண்டியதில்லை.

4

இன்றைய சிவகாசிக்கு வரும்போது பொறுமை அறநூலில் மட்டும் இருக்கும் பொருளாக இல்லை. 1922ஐ ஒட்டிக் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923இல் தொடங்கிவைத்த தொழில், 1940களிலிருந்து பட்டாசாகவும் விரிந்து, நாட்டின் பட்டாசில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை இவ்வட்டாரமே உற்பத்தி செய்யும் நிலைக்கு வளர்ந்தது. மழை பொய்க்கும் கரிசலில் இத்தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குக் கஞ்சி வார்த்தது என்பது மறுக்கமுடியாதது. அதை மறந்து பேசும் வெளியூர்க் கண்டனங்கள் இங்கே எடுபடாமல் போவதற்குக் காரணமும் அதுதான்.

ஆனால் இத்தொழிலில் அவசரம் ஆளைக் கொல்லும். வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் ஆகியவற்றைக் கலக்கும் அறையிலும் மருந்து செலுத்தும் அறையிலும் உராய்வே முதற் பகை. ஓர் அறைக்கு இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று விதிகள் வரையறுப்பது அதனால்தான். முந்தின நாள் மிஞ்சிய கலவை ஈரத்தால் தானாகச் சூடேறி வெடிக்கக்கூடும் என்பதால், அன்றன்று கலந்ததை அன்றன்றே தீர்க்க வேண்டும். இவற்றைத் தொழிலாளர் அறியாதவர் அல்லர். செய்யும் எண்ணிக்கைக்கு ஏற்பக் குரோஸ் கணக்கில் கூலி, தீபாவளிக்கு முன் குவியும் ஆர்டர், உரிமம் ஒருவர் பெயரில் இருக்க அறைகள் வேறொருவருக்கு உள்குத்தகைக்குப் போகும் வழக்கம், இவை மூன்றும் சேர்ந்து நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் மேலும் சிலரை உட்காரவைக்கின்றன; இடம் போதாமல் மரத்தடியிலும் வேலை நடக்கிறது. 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 உயிர்களைக் கொண்டுபோன வெடிவிபத்தும் தீபாவளிக்கு முந்தைய பருவத்தில் நிகழ்ந்ததே.

விபத்து நடந்ததும் தொழிலாளி கவனக்குறைவாக இருந்தார், அவசரப்பட்டார் என்று சொல்லப்படுவது வழக்கம். அவசரம் அவர் கையில் தெரிந்தாலும் அது அங்கே பிறக்கவில்லை. குறித்த தேதிக்குச் சரக்கு வேண்டும் என்ற வட நாட்டு வியாபாரியிடமும், அவருக்கு ஒப்புக்கொண்ட முதலாளியிடமும், குத்தகைப் பணத்தை எடுத்தாக வேண்டிய உள்குத்தகைக்காரரிடமும் பிறந்து, படிப்படியாக இறங்கி, கடைசியில் போர்மேன் வழியாக அறைக்குள் நுழைகிறது. பொறுமை காட்டக்கூடிய இடங்களும் இவையே. வாங்கிய கடனின் வாரத் தவணையைத் தள்ளிவைக்கும் அதிகாரம் மருந்து செலுத்தும் பெண்ணிடம் இல்லை. கிறித்தவப் பொறுமை என்பது இந்த வட்டாரத்தில் எந்த வடிவம் எடுக்கும் என்று கேட்டால், விதிப்படி நான்கு பேரை வைத்து முடிகிற அளவுக்கு மட்டும் ஆர்டர் எடுத்துக்கொள்வது என்பதே துல்லியமான விடை. பட்டாசு முதலாளிகளில் கிறித்தவர் சிலரே என்று மறுமொழி சொல்லப்படலாம். தீபாவளிக்கும் கிறிஸ்துமசுக்கும் புத்தாண்டுக்கும் வெடி வாங்கும் கிறித்தவர் சிலர் அல்லர். பச்சைத் திரியின் மறுமுனை அவர்கள் கையிலும் இருக்கிறது.

கடனும் இதில் சேரும். பிள்ளைகளின் உழைப்பை அடமானமாக்கிப் பெற்றோருக்கு முன்பணம் கொடுக்கும் வழக்கம் தீப்பெட்டித் தொழிலில் நெடுங்காலம் இருந்தது. சிவகாசியின் குழந்தைத் தொழிலாளர் குறித்து எம். சி. மேத்தா தொடர்ந்த வழக்கில், 1996 டிசம்பர் 10இல் உச்ச நீதிமன்றம், பணியமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாயை முதலாளி செலுத்த வேண்டும் என்று ஆணையிட்டது. இப்பின்னணியில் மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தைப் படித்தால் அதன் பொருள் கூர்மையாகிறது. பெருங்கடன் பட்டவன் அரசனின் காலில் விழுந்து பொறுமையைக் கேட்கிறான். அரசன் கடனையே தள்ளுபடி செய்கிறான். வெளியே போன அதே ஆள், தனக்குச் சிறு தொகை தரவேண்டிய சக ஊழியனின் கழுத்தைப் பிடிக்கிறான், அவனும் அதே பொறுமையைக் கேட்கிறான், கிடைக்கவில்லை. இரண்டு இடத்திலும் கேட்பவன் கடனாளி, கொடுக்க வேண்டியவன் கடன் கொடுத்தவன். பொறுமையின் திசை இந்த உவமையில் ஒருபோதும் மாறுவதில்லை.

5

இக்கருத்துக்கு எதிராக மறைநூலிலிருந்தே இரண்டு இடங்களைக் காட்ட முடியும். அவற்றைத் தவிர்த்துவிட்டுப் பேசுவது முறையாகாது.

பேதுருவின் முதல் நிருபம், கடுமையான எசமானருக்கும் கீழ்ப்படிந்து துன்பத்தைச் சகிக்கும்படி அடிமைகளுக்குச் சொல்கிறது. தப்பிக்க வழியே இல்லாதவர்களை நோக்கி, அவர்கள் மானம் இழக்காமல் வாழும் வழியாகச் சொல்லப்பட்டது அது. அத்துன்பம் அநியாயமானது என்பதையும் நிருபம் ஒளிக்கவில்லை. எபேசியருக்கு எழுதிய நிருபம் எசமானர்களை நேரடியாகப் பார்த்து, மிரட்டலை விட்டுவிடச் சொல்கிறது. அடிமைக்கு எழுதிய வரியை எசமான் எடுத்துப் படித்துக் காட்டுவது, இன்னொருவருக்கு வந்த கடிதத்தைப் பிரித்துத் தன் உரிமைப் பத்திரமாக்கிக்கொள்வதற்கு ஒப்பாகும். இவ்விளக்கம் எல்லா இடர்ப்பாட்டையும் தீர்த்துவிடவில்லை. பேதுருவின் நிருபம் அடிமைமுறையையே கேள்வி கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

யாக்கோபின் நிருபம் இதைவிடச் செறிவானது. அதன் 5ஆம் அதிகாரம், வயலை அறுத்த கூலியாட்களின் கூலியைப் பிடித்துவைத்த செல்வர்களைக் கடுமையாகச் சாடுகிறது. பிடித்துவைக்கப்பட்ட அந்தக் கூலியே கூக்குரல் இடுகிறது என்கிறது. அதற்கு அடுத்து, 7ஆம் வசனத்தில்தான், முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருக்கும் உழவரைப் போல நீடிய பொறுமையோடு இருக்கும்படி சகோதரருக்குச் சொல்லப்படுகிறது. மானாவாரி நிலத்தில் பருத்தியும் கம்பும் விதைத்து வானத்தைப் பார்த்திருக்கும் கரிசல் உழவருக்கு இவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை. ஆனால் மழைக்குக் காத்திருப்பது வேறு, கண்மாய் நிறைந்திருந்தும் மடையைத் திறக்க மறுப்பவருக்காகக் காத்திருப்பது வேறு. யாரும் பிடித்துவைக்காத ஒன்றுக்குக் காத்திருப்பதையே யாக்கோபு பொறுமைக்கு உவமையாக்குகிறார்; ஒருவர் பிடித்துவைத்திருக்கும் கூலியைப் பற்றிப் பேசும்போது அவருடைய மொழி தீயாகிறது. கூலியாட்களிடம் அவர் பொறுமையைக் கேட்கவே இல்லை என்று சொல்ல முடியாது, கேட்கிறார். எனினும் பிடித்துவைத்தவர்களை அவையில் நிறுத்திக் குற்றத்தைச் சொல்லி முடித்த பிறகே கேட்கிறார். இந்த வரிசையைக் கவிழ்த்து, 7ஆம் வசனத்தில் தொடங்கும் பிரசங்கங்கள் இவ்வட்டாரத்தில் ஏராளம்.

6

எஞ்சியிருப்பது, பொறுமை கேட்கப்படவே கூடாத இடம் எது என்பது. லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் ஒரு விதவை, கடவுளுக்கும் அஞ்சாத, மனிதரையும் மதியாத நடுவரிடம் நியாயம் கேட்டு அலைகிறாள். அவர் சலித்துப்போகும்வரை அலைந்து, அதைப் பெற்றும்விடுகிறாள். கிறிஸ்து அவளைச் சோர்ந்துபோகாமைக்கு எடுத்துக்காட்டாக வைக்கிறார். நடுவரின் தாமதத்தை அவர் எங்கும் பொறுமை என்று அழைக்கவில்லை என்பதோடு, அவளைப் பொறுத்திருக்கும்படியும் சொல்லவில்லை.

வெடிவிபத்தில் கணவரையோ மகளையோ இழந்த பெண்கள் ஆலை அலுவலகத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் இழப்பீட்டுக்காக நடப்பது இவ்வட்டாரத்தில் பழகிப்போன காட்சி. அவர்களிடம் ஊர்ப் பெரியவர்களும் சில வேளைகளில் சபைப் பெரியவர்களும் சொல்லும் அறிவுரை, பொறுமையாக இருக்கும்படிதான். குறைந்த தொகைக்குச் சமரசம் பேசி முடிக்கும்போது அதே சொல் இன்னும் இனிமையாக ஒலிக்கிறது. இவ்விடத்தில் சட்டம் பிரசங்கத்தைவிடத் தெளிவாக இருந்தது. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கிய அதே 1923இல் இயற்றப்பட்ட தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், பின்னர்த் திருத்தப்பட்டபடி, இழப்பீடு செலுத்தவேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் அதைச் செலுத்தாத முதலாளி ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியும், தாமதத்துக்குத் தக்க காரணம் இல்லையெனில் தொகையில் 50 விழுக்காடுவரை தண்டமும் கட்ட வேண்டும் என்று விதித்தது. அவ்வாறு கெடு வைத்த சட்டம் அந்தக் கெடுவை முதலாளியின் கணக்கில் எழுதியதே தவிர, விதவையின் பண்புநலன்களின் கணக்கில் எழுதவில்லை.